கணக்கு முடிந்தால் பாடம் முடிந்ததா? புதிதாகப் பாடம் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், இளநிலை வகுப்பொன்றுக்குப் புள்ளியியலும், இருக்கும் வளங்களைக் கொண்டு சிறந்த முடிவைக் கணக்கிட்டுக் காணும் செயல்முறை ஆராய்ச்சியும் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கணக்கைக் கரும்பலகையில் பிழையில்லாமல் போட்டு முடித்தால் பாடம் நடந்துவிட்டதாகவே எண்ணியிருந்தேன். நான் செய்த தவறுகளில் பல இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே.

விடை வந்ததும் நிறுத்திவிடுவது அவற்றுள் முதலாவது. ஒரு தச்சுப்பட்டறைக்கு நாற்காலி ஒன்றுக்கு 500 ரூபாயும் மேசை ஒன்றுக்கு 800 ரூபாயும் லாபம். இரண்டும் சேர்த்து 6 உருப்படிகளுக்கு மேல் செய்ய இயலாது. நாற்காலிக்கு 5 அடி, மேசைக்கு 9 அடி என மரம் தேவை, இருப்பதோ 45 அடி. இந்தக் கட்டுப்பாடுகளுக்குள் அதிகபட்ச லாபத்தை அட்டவணை போட்டு படிப்படியாகத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையில் 2.25 நாற்காலி, 3.75 மேசை, லாபம் 4,125 ரூபாய் என்று முடித்து அடிக்கோடிட்டேன். "கால் நாற்காலியை யார் சார் வாங்குவார்கள்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். முழுமைப்படுத்தி 2, 4 என்று எடுத்துக்கொள்ளுங்கள் என அவசரமாகச் சொன்னேன். அதற்கு 46 அடி மரம் வேண்டும் என்பதை அவரே கூட்டிக் காட்டினார். மேசையை 3 ஆகக் குறைத்தாலோ லாபம் 3,400 ரூபாய்க்கு இறங்கிவிடுகிறது. உண்மையில் நாற்காலியே செய்யாமல் 5 மேசைகள் செய்வதுதான் சிறந்த முழு எண் விடை. லாபம் 4,000 ரூபாய். இதை மறுநாள்தான் என்னால் சொல்ல முடிந்தது. முழு எண் விடை வேண்டிய கணக்குகளுக்காக அமெரிக்கக் கணிதவியலாளர் ரால்ஃப் கோமரி 1958இல் தனியொரு முறையை வெளியிட வேண்டியிருந்ததன் காரணத்தை, எந்த முன்னுரையைவிடவும் அந்தக் கால் நாற்காலி நன்றாக விளக்கிவிட்டது.

புள்ளியியலில் இதற்கு இணையான தவறு, பி மதிப்பு 0.03 என்றால், விளைவு எதுவும் இல்லை என்னும் இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பு என்று சொல்லிக்கொடுப்பது. கருதுகோள் உண்மை என்றே வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவுக்கோ அதற்கு மேலோ விலகிய தரவு வருவதற்கான நிகழ்தகவுதான் அது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016இல் அறிக்கை விட்டுத் தெளிவுபடுத்த நேர்ந்த குழப்பம் என்பதால், மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

வீட்டில் முழுவதும் போட்டுப் பார்க்காத கணக்கை வகுப்பில் தொடங்கவே கூடாது. சிம்ப்ளெக்ஸ் அட்டவணையிலிருந்து அடுத்து வெளியேற வேண்டிய மாறியை முடிவுசெய்யும் விகிதச் சோதனையில் இரண்டு வரிசைகள் சமமாக வந்து, எதை வெளியேற்றுவது என்று தெரியாமல் சுண்ணக்கட்டியோடு நின்ற பத்து நிமிடங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. "இது சுலபம்தான்" என்று சொல்லித் தொடங்குவதும் வேண்டாம். அதற்குப் பிறகு யாரும் சந்தேகம் கேட்பதில்லை.

விடைத்தாள் திருத்தும்போது இறுதி விடையை மட்டும் பார்ப்பதும் தவறு. சிம்ப்ளெக்ஸ் அட்டவணையில் ஒரு கழித்தல் குறி விடுபட்டால் அடுத்த அட்டவணைகள் எல்லாமே மாறிவிடும்; ஆயினும் மாறிகளையும் கட்டுப்பாடுகளையும் சரியாக எழுதிய மாணவர் கணக்கின் கடினமான பகுதியை முடித்திருக்கிறார். கணக்கை அமைப்பதற்குப் பாதி மதிப்பெண் என்று இப்போது வினாத்தாளிலேயே அச்சிட்டுவிடுகிறேன்.