சம்சுவை விட்டபின் தூக்கம் வராத ராத்திரிகளுக்கு

சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை விட்ட தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட வேலை பார்க்கும் எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

குடி சீக்கிரம் கண்ணை அசத்தும். பின்னிரவுத் தூக்கத்தைக் கலைத்துவிடும். விட்டபின் தூக்கம் சீராகச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். கெட்ட கனவுகளும் வரலாம். மனம் தளர வேண்டாம்.

எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். இரவு 3 மணிக்குத்தான் கண் அசந்தது என்றாலும் காலையில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டு நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். மதியத்துக்குமேல் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வேண்டாம். பார்லி தண்ணீர் கேளுங்கள்.

20 நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வரவில்லையா, பாயை விட்டு எழுந்துவிடுங்கள். நான் அடுப்படி விளக்கை மட்டும் போட்டு, மறுநாள் சம்பலுக்கு நெத்திலி ஆய்வேன். தலையைக் கிள்ளி, குடலை நகத்தால் வழித்து, சதையைத் தட்டில் போடுவேன். கண் சொக்கினால்தான் படுக்கப் போவேன். கைப்பேசியை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்தவர் தரும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அதற்கும் உடம்பு அடிமையாகிவிடும். அப்புறம், தினமும் அதிகமாகக் குடித்தவர் டாக்டரைப் பார்த்துவிட்டே நிறுத்துங்கள். முதல் சில நாட்களில் வலிப்பு வந்தாலோ, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 999 அவசர எண்ணை அழையுங்கள்.