சாய்ந்த மரத்தைத் தோட்டத்திலேயே பலகையாக்க: குறைந்த செலவில் நகரும் பேண்ட்சா

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது. நிலைவாசலும் அலமாரியும் ஆகவேண்டிய பலா, விறகு விலைக்குப் போவதற்குக் காரணம் மரத்தின் தரமல்ல, அதைத் தூக்கும் செலவு. இரண்டடி விட்டமுள்ள அடிமரத்தைக் கிரேன் வைத்து ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோய், அறுப்புக் கூலியும் கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. யந்திரத்தை மரத்திடம் கொண்டுபோனால் கணக்கு மாறும். பேண்ட்சா என்பது இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பம். இதில் மரம் அசையாமல் கிடக்கும், ரம்பம் மாட்டிய வண்டிதான் தண்டவாளத்தில் நகர்ந்து அறுக்கும்.

வெல்டிங் பிடிக்கத் தெரியும், மூலைமட்டம் பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இரும்பு வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உரிமம் இல்லாத மர அறுவை ஆலைகளை எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் இயங்க விடக் கூடாது என்று 2002 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சொந்த மரம்தானே என்று இருந்துவிடாதீர்கள். கடலூரானால் மாவட்ட வன அலுவலகம், புதுச்சேரியானால் அங்குள்ள வனத்துறை. எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். எல்லை தாண்டி மரத்தை ஏற்றுவதற்கும் அங்கேதான் கேட்க வேண்டும். இலவச விவசாய மின் இணைப்பில் இதை ஓட்டக் கூடாது.

என்னென்ன வேண்டும்

தண்டவாளத்துக்கு 65×65×6 எல் ஆங்கிள் 20 அடி நீளத்தில் இரண்டு (ஒன்று சுமார் 35 கிலோ). மரம் உட்காரும் குறுக்குச் சட்டங்களுக்கும் அதே ஆங்கிள். தூண்களுக்கு 50×50×3 சதுர பைப், அதன்மேல் வழுக்கி ஏறி இறங்க 60×60×3. தலைப்பகுதி உத்தரத்துக்கு 100×50×4 செவ்வக பைப். பிளேடு ஓடும் சக்கரத்துக்கு 18 அங்குல வார்ப்பிரும்பு பி செக்‌ஷன் ஒற்றைப் பள்ளப் புல்லி இரண்டு. 30 மி.மீ. இஎன் 8 ரக எஃகுத் தண்டு, யூசிபி 206 பெடஸ்டல் பேரிங் நான்கு. எம்20 மரைத் தண்டு இரண்டு. ஸ்லைடிங் கேட்டுக்குப் போடும் வி பள்ளச் சக்கரம் நான்கு. 5 குதிரைத்திறன், 1440 சுற்று, த்ரீ பேஸ் மோட்டார்.

மோட்டார், புல்லி, பைப் மூன்றையும் பழைய இரும்புக் கடையில் தேடலாம். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளை ஒட்டித் தேடினால் கிடைக்கும். பேரிங்கையும் பிளேடையும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள். இந்த இரண்டில் மிச்சம் பிடித்தால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

25 மி.மீ. தண்டு போதும் என்று பட்டறையில் சொல்வார்கள். போதாது. பிளேடை முறையாக இழுத்தால் சக்கரத் தண்டில் 450 கிலோவுக்கு மேல் சுமை விழும். அந்தச் சுமை பேரிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் தொங்குகிறது. 30 மி.மீ. போட்டு, சக்கரத்தைப் பேரிங்கிலிருந்து 2 அங்குலத்துக்குள் வையுங்கள்.

சக்கரம்

பிளேடு நேராக இரும்பில் ஓடக் கூடாது. பள்ளத்தில் பி அளவு வி பெல்ட் ஒன்றை இறுக்கமாக ஏற்றி அதையே டயராக்க வேண்டும். வாங்கியபடியே ஏற்றினால் பெல்ட்டின் முதுகு விளிம்போடு சமமாக நின்றுவிடும், பிளேடு இரும்பைத் தொடும். லேத் பட்டறையில் கொடுத்து விளிம்பைச் சுற்றிலும் 3 மி.மீ. குறைக்கச் சொல்லுங்கள். உள்துளையையும் விளிம்பையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சக்கரம் ஆடும். புல்லியைக் கடைக்கே எடுத்துப்போய் பெல்ட்டை ஏற்றிப் பார்த்து வாங்குங்கள். பெல்ட்டின் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பெல்ட் ஏற்றிய சக்கரத்தைப் பேரிங்கில் மாட்டிக் கையால் சுற்றி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் அதிகம். விளிம்பின் உட்பக்கத்தில் சிறுசிறு துளை போட்டுக் குறையுங்கள்.

வேகம்: மோட்டாரில் 7 அங்குலப் புல்லி, சக்கரத் தண்டில் 10 அங்குலப் புல்லி. சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 சுற்று சுற்றும், பிளேடு நொடிக்கு 24 மீட்டர் ஓடும். வார்ப்பிரும்புப் புல்லியை 30 மீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது, வெடிக்கும். மோட்டாருக்குப் பதில் வைக்கும் டீசல் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடுமானால் எஞ்சினில் 4 அங்குலமும் சக்கரத் தண்டில் 12 அங்குலமும் போடுங்கள்.

தண்டவாளமும் வண்டியும்

ஆங்கிளின் முதுகு மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். மரத்தூள் இருபுறமும் சரிந்துவிடும். பத்தடி பத்தடியாக வெட்டி, இணைப்புத் தகடும் போல்ட்டும் போட்டால் மினி லாரியில் ஏறும். கடலோர மணலில் வைக்கும்போது ஐந்தடிக்கு ஒன்றாகக் கனமான மரக்கட்டை கொடுத்து, கொத்தனார் டியூப் லெவலால் மட்டம் பாருங்கள். 20 அடிக்கு ரசமட்டத்தை நம்ப முடியாது.

ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு எம்20 மரைத் தண்டுகளையும் சைக்கிள் செயினால் இணைத்து ஒரே கைப்பிடியால் சுற்ற வேண்டும். ஃப்ரீவீல் பயன்படுத்தினால் பல்சக்கரத்தை வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுங்கள். ஒரு சுற்றுக்கு 2.5 மி.மீ. இறங்கும். கைப்பிடித் தட்டில் ஐந்து கோடு போட்டால் ஒரு கோடு அரை மி.மீ. பிளேடு தின்பது 2 மி.மீ. ஆகவே 25 மி.மீ. பலகைக்கு 27 மி.மீ. இறக்க வேண்டும்: பத்துச் சுற்று, நான்கு கோடு. அளவைத் தாண்டி இறங்கிவிட்டால் அரை அங்குலம் ஏற்றி மறுபடி இறக்குங்கள். ஏற்றும்போது நிறுத்திய அளவு நிற்காது.

தூணுக்கும் அதன்மேல் வழுக்கும் 60×60 பைப்புக்கும் நடுவே வரும் இடைவெளியில் 2 மி.மீ. நைலான் பட்டை ஒட்டுங்கள். உப்புக்காற்றில் மரைத் தண்டு சீக்கிரம் துருவேறும். கிரீஸ் காயவே கூடாது.

பிளேடும் இழுவிசையும்

12 அடி (3,658 மி.மீ.) சுற்றளவு, 32 மி.மீ. அகலம், 0.9 மி.மீ. கனம், பல்லுக்குப் பல் 22 மி.மீ. இந்த நீளத்துக்கு இரண்டு சக்கர மையங்களுக்கும் இடையே 1,111 மி.மீ. வரும். முன்னும் பின்னும் 20 மி.மீ. நகர இடம் விடுங்கள். கைடும் (பிளேடு விலகாமல் தாங்கும் பேரிங்குகள்) காப்புத் தகடும் எடுத்த இடம் போக 22 அங்குல அகலம் வரை அறுக்கலாம்.

இனி சொல்வதை இரண்டு முறை படியுங்கள். வீட்டில் செய்த யந்திரங்கள் கெட்டுப்போவது இங்கேதான்.

பிளேடை விரலால் தட்டிச் சத்தம் கேட்டு இறுக்குவதை விடுங்கள். அளந்து இறுக்க மலிவான வழி உண்டு. 500 மி.மீ. நீள இரும்புப் பட்டை ஒன்றின் ஒரு முனையைப் பிளேடின் உடலோடு கிளாம்ப் போடுங்கள். மறு முனையைத் தொட்டபடி ஒரு சிறு கட்டையைப் பிளேடில் தனியாகக் கிளாம்ப் போடுங்கள். தொய்வு மட்டும் போன நிலையில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இறுக்க இறுக்க இடைவெளி விழும். 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் போதும், பிளேடில் சதுர மி.மீ.க்கு 10 கிலோ இழுவிசை வந்துவிட்டது. கிளாம்பை எடுக்காமல் மோட்டார் சுவிட்சின் பக்கமே போகாதீர்கள்.

அந்த நிலையில் முழுப் பிளேடும் நீண்டிருப்பது 1.8 மி.மீ. மட்டுமே. அறுக்கும்போது பிளேடு 30 டிகிரி சூடேறினால் 1.3 மி.மீ. தானாக நீளும். வெறும் போல்ட்டால் இறுக்கியிருந்தால் இழுவிசையில் முக்கால் பங்கு அங்கேயே போய்விடும். முதல் பலகை கண்ணாடியாக வந்து நான்காவது பலகை அலையடிப்பது இதனால்தான். எஞ்சின் சக்தி போதவில்லை என்று பெரிய எஞ்சின் தேடாதீர்கள். இறுக்கும் எம்20 போல்ட்டில் கிண்ணம்போல் குழிந்த டிஸ்க் ஸ்பிரிங் வாஷர் ஆறு (வெளிவிட்டம் 40, உள்விட்டம் 20.4, கனம் 2.25 மி.மீ.) எதிரெதிராகக் கவிழ்த்து அடுக்குங்கள். இழப்பு கால்வாசிக்குள் அடங்கும். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து பிளேடின் மேல் சொட்டவிட்டால் சூடும் குறையும். வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தியே ஆக வேண்டும். சூட்டில் இறுக்கிய பிளேடு இரவில் குளிர்ந்து சுருங்கினால் பற்களின் அடியில் விரிசல் விடும்.

சக்கரங்களை நேர் பார்ப்பதும் இழுவிசை ஏற்றிய பிறகுதான். சும்மா இருக்கும்போது நூல் பிடித்தாற்போல் நிற்கும் சக்கரங்கள், 450 கிலோ விழுந்ததும் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. பிளேடு நழுவப் பார்க்கும். ஆகவே இழுப்புப் பக்கத்துப் பேரிங் தகட்டின் ஒரு ஓரத்தைச் சுழலும்படி விட்டு, மறு ஓரத்தில் எம்12 தள்ளு போல்ட் வையுங்கள். முழு இழுவிசை ஏற்றி, இரண்டு சக்கர முகங்களுக்கும் குறுக்கே நூல் பிடித்து, நான்கு இடத்திலும் தொடும்வரை அந்தப் போல்ட்டைத் திருப்புங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பல் பள்ளத்தின் அடி சக்கர விளிம்புக்கு 3 மி.மீ. முன்னே நிலையாக ஓட வேண்டும். கையால் நிலைக்காதது மோட்டாரில் நிலைக்காது.

கைடு

ஒரு பக்கத்துக்கு 6203 பேரிங் இரண்டு, ஒட்டினாற்போல். சேர்த்து 24 மி.மீ. அகலம், பற்களை விட்டுப் பிளேடின் உடலை மட்டும் தாங்கும். பிளேடை ஓட்டப்பாதையிலிருந்து 6 மி.மீ. கீழே அழுத்தும்படி வையுங்கள். பின்னால் தாங்கும் பேரிங்குக்கும் பிளேடின் முதுகுக்கும் 3 மி.மீ. இடைவெளி. வெறுமனே ஓடும்போது தொடவே கூடாது. ஒரு கைடு நிலையானது, மற்றது நகரும் கையில் இருக்க வேண்டும். மரத்துக்கு 2 அங்குலத்துக்கு மேல் விலகி நிற்க விடாதீர்கள்.

பிறகு 300 மி.மீ. எஃகு ஸ்கேலைப் பிளேடின் உடலில், பல்லின் மேல் ஏறாதபடி, குறுக்காகக் கிளாம்ப் போட்டு, அதன் முன்முனையும் பின்முனையும் குறுக்குச் சட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கைடு போல்ட்டில் சரிசெய்யுங்கள். முன்முனை உயர்ந்திருந்தால் பிளேடு மரத்தில் ஏறிக்கொண்டே போகும், தாழ்ந்திருந்தால் முங்கும். இரண்டு கைடிடமும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

அறுக்கும்போது

சக்கரங்களை 16 கேஜ் தகட்டால் முழுக்க மூடாமல் ஓட்டாதீர்கள். அறுந்த பிளேடு சாட்டையாக வீசும். பிளேடு ஓடும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. மோட்டாருக்கு எர்த்தும் இஎல்சிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

வீட்டோரத்து வேம்பிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்துப் பூவரசிலும் ஆணி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பட்டை உரித்த மரத்தின் மேல் தேய்த்துப் பாருங்கள். காந்தம் மேலாக இருக்கும் ஆணியைத்தான் காட்டும். உள்ளே கறுத்த நீலக் கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது.

அலை வந்தால் பிளேடை மாற்றிப் பாருங்கள். மாற்றியும் போகாவிட்டால் இழுவிசை. தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்தால் பல் விரிப்பு (பற்கள் இடமும் வலமும் வளைந்திருக்கும் அளவு) ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. இரு பக்கமும் அரை மி.மீ.யை ஒட்டிச் சமமாக இருக்க வேண்டும். கணுவில் மட்டும் மேலெழுந்தால் முனை மழுங்கிவிட்டது. இரண்டு மணிநேர அறுப்புக்கு மேல் ஒரு பிளேடை இழுக்காதீர்கள். மூன்று வாங்கிச் சுழற்சியில் வைத்தால் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

பலாப்பால் பிளேடில் ஒட்டித் தடிக்கும். சோப்புத் தண்ணீருக்கு அடங்காவிட்டால், யந்திரத்தை நிறுத்திவிட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள்.

பின்சேர்க்கை: கேட்கப்பட்ட இரண்டு

சிங்கிள் பேஸ் 3 குதிரைத்திறன் மோட்டார் போதுமா? 12 அங்குலம் வரையுள்ள மா, பூவரசுக்கு மெதுவாகத் தள்ளினால் போதும். முற்றிய புளிக்கும் வேம்புக்கும் போதாது. தள்ளும்போது சத்தம் இறங்கினால் வண்டியைப் பின்னுக்கு இழுக்காமல் அங்கேயே நிறுத்திக் காத்திருங்கள். ஓடும் பிளேடை அறுப்புக்குள் பின்னால் இழுத்தால் சக்கரத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

தென்னை அறுக்கலாமா? அறுக்கலாம். வெளிச்சுற்று மிகக் கடினம், சிலிக்காவும் உண்டு, சாதாரணப் பிளேடு விரைவில் மழுங்கும். பட்டையில் ஒட்டிய மணலைக் கழுவிவிட்டு அறுங்கள். வெளிச்சுற்றைப் பலகைக்கு எடுத்துக்கொண்டு, நடுவில் உள்ள மென்மையான பகுதியை விட்டுவிடுங்கள். பனைக்கு இந்தப் பிளேடை வைக்காதீர்கள், கார்பைடு பல் வைத்தது வேண்டும்.