படிவம் 1 மாணவர்களின் கல்வி மீள்திறனை அளப்பது எப்படி?

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியின் முதலாண்டான படிவம் 1இல் பயிற்றுமொழியே மலாய்க்கு மாறிவிடுகிறது. முதல் சோதனையில் புள்ளி சரிந்தால் மீண்டு எழுகிறானா, ஒதுங்கிவிடுகிறானா? நாம் அளக்கப்போவது அதைத்தான்.

கருவி, பிரிட்டன் ஆய்வாளர் சைமன் காசிடி 2016இல் வெளியிட்ட ஏஆர்எஸ்-30 என்னும் கல்வி மீள்திறன் அளவுகோல். ஒரு தோல்விச் சூழலைக் காட்டி, 'நீ என்ன செய்வாய்?' என்று 30 கூற்றுகளில் கேட்கும்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை மாணவர் வட்டமிட வேண்டும். விடாமுயற்சிக்கு 14, சிந்தித்து உதவி நாடுவதற்கு 9, எதிர்மறை உணர்ச்சிக்கு 7.

1. அனுமதி: ஆய்வுக்கென்றால் கல்வி அமைச்சின் அனுமதியும் பெற்றோர் கையொப்பமும் முதலில் கையில் இருக்கட்டும்.

2. சூழலை மாற்றுங்கள். மூலம் பிரிட்டன் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து உருவானது. 13 வயதுக்கு அப்படியே ஒட்டாது. 'கணிதச் சோதனையில் உனக்கு 35 புள்ளி. பக்கத்தில் இருப்பவனுக்கு 70' என்று எழுதுங்கள். 'ஒப்படைப்பு' என்றால் விழிப்பார்கள், 'ஃபோலியோ' என்றால் பினாங்கில் எந்தப் பிள்ளைக்கும் புரியும். தமிழையும் மலாயையும் ஒரே தாளில் அருகருகே வையுங்கள்.

3. ஐந்து பேரிடம் முன்னோட்டம். ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லி, 'உனக்கு என்ன புரிந்தது?' என்று கேளுங்கள். பலரும் தாண்டிவிடும் படி இது, தாண்டவே கூடாதது.

4. ஒரு பாடவேளை போதும். 1 எந்தப் பக்கம், 5 எந்தப் பக்கம் என்று தாளிலேயே அச்சிடுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். வகுப்பாசிரியர் மேசைகளுக்கிடையே நடந்தால் எல்லாரும் நல்லபிள்ளை விடைதான் தருவார்கள்.

5. புள்ளியிடல். சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். 5 என்பது 'கட்டாயம் செய்வேன்' என்றால், 'விட்டுவிடுவேன்' போன்ற கூற்றுகளை 6இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும்: 5 போட்டவனுக்கு 1. ஆனால் 'என் நீண்டகால இலக்கை மாற்ற மாட்டேன்' என்பதில் 'மாட்டேன்' இருக்கிறதே என்று திருப்பிவிடாதீர்கள்; அது உறுதியைக் காட்டும் கூற்று. சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பாருங்கள். திருப்பியபின் மொத்தம் 30க்கும் 150க்கும் இடையில் வரும். முப்பதுக்கும் ஒரே எண்ணை வட்டமிட்ட தாளைத் தனியே எடுத்து வையுங்கள்.

6. ஒரு பகுதியின் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்ணான குரோன்பாக் ஆல்ஃபாவை மூன்று பகுதிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 0.7க்குக் கீழே இறங்கினால் முதலில் திருப்பிய கூற்றுகளைச் சரிபாருங்கள், பிறகு மொழிபெயர்ப்பை.

இதில் தேர்ச்சிப் புள்ளி கிடையாது. மொத்தம் 100 வாங்கிய இருவரில் ஒருவன் விடாமல் உழைப்பான், யாரிடமும் கேட்க மாட்டான். மற்றவன் கேட்பான், ஆனால் கலங்கிப்போவான். பகுதிவாரியாகப் பார்த்தால்தான் யாருக்கு என்ன தேவை என்று தெரியும். மூன்று மாதம் கழித்து அதே எண்ணுக்கு அதே தாளைக் கொடுத்து ஒப்பிடுங்கள்.