கப்பல் ஏறும் முன் கதவை அளந்துவிடுங்கள்

பாஸ்போர்ட்டை மறப்பது, மாத்திரைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. சொகுசுக் கப்பலில் முதல் தடவை போகிறவர்கள், அதிலும் நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், மாறி மாறி விழும் குழிகள் வேறு. இன்று அறிவுரை சொல்பவர்களும் ஒரு காலத்தில் விழுந்து எழுந்த குழிகள்தாம். இவற்றில் பாதி, கப்பலில் கால் வைப்பதற்குப் பல மாதம் முன்பே, முன்பதிவு செய்யும்போதே வெட்டப்பட்டுவிடுகின்றன.

அளவெடுக்காமல் அறை பிடிப்பது

எல்லாவற்றிலும் விலையுயர்ந்த தவறு இதுதான். ஒரு டேப்பும் ஐந்து நிமிடமும் இருந்தால் தவிர்த்துவிடக்கூடியது என்பதால், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

கணக்கு எளிது. பெரும்பாலான கப்பல்களில் சாதாரண அறையின் கதவு ஏறத்தாழ 56 முதல் 60 செ.மீ. அகலம். பெரியவர்கள் உட்காரும் வழக்கமான வீல்சேர், சக்கரத்தின் வெளியே இருக்கும் கைவளையத்தையும் சேர்த்தால், 61 முதல் 66 செ.மீ. வரை வரும். நுழையாது. தள்ளினாலும் நுழையாது, சாய்த்தாலும் நுழையாது.

இது எப்படி அரங்கேறும் என்றால்: உதவியாளர் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு அறை வாசல் வரை வந்துவிடுவார். கைவளையம் இரண்டு பக்கமும் கதவு நிலையில் இடிக்கும். பின்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி முயல்வார். மூன்றாவது முறை மகன் வரவேற்பு மேசைக்கு ஓடுவார். அங்கே கிடைக்கும் பதில் ஒன்றுதான்: வசதியுள்ள அறைகள் எல்லாம் போய்விட்டன. ஆயிரக்கணக்கில் அறைகள் இருக்கும் கப்பலிலும் வீல்சேர் வசதியுள்ளவை சில டஜன்தான். அவைதாம் முதலில் விற்றுத் தீரும்.

“சேரை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாமே” என்று கேட்பார்கள். நாலடி நடக்க முடிந்தவருக்குச் சரி. ஆனால் அறைக்குள் இன்னொரு கதவு காத்திருக்கிறது. சாதாரண அறையின் குளியலறை வாசல் இன்னும் குறுகல். தண்ணீர் வெளியே வராமலிருக்க அதில் ஒரு வரம்பும் கட்டியிருப்பார்கள். கப்பல் ஆடும் இரவில், தூக்கக் கலக்கத்தில், அந்த வரம்பைத் தாண்ட வேண்டும். விழும் ஆபத்து வெளியே டெக்கில் மட்டும் இல்லை, இங்கேயும் உண்டு.

மின்சார ஸ்கூட்டர் என்றால் மடிக்கிற பேச்சுக்கே பல நேரம் இடமில்லை. அதை அறைக்குள்தான் நிறுத்த வேண்டும், அறைக்குள்தான் சார்ஜ் செய்ய வேண்டும். நடைபாதையில் விடக்கூடாது, ஏனென்றால் ஆபத்து நேரத்தில் எல்லோரும் வெளியேறும் வழி அது. புகை நிரம்பிய நடைபாதையில் ஒரு ஸ்கூட்டர் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால், ஊழியர்கள் இதில் ஏன் துளியும் இறங்கி வருவதில்லை என்பது புரியும்.

வசதியுள்ள அறை என்றாலே எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. அதில் இரண்டு ரகம் உண்டு. முழு வசதி உள்ள அறையில் கதவு 81 செ.மீ. அளவில் திறக்கும். உள்ளே சேரைச் சுற்றித் திருப்ப ஒன்றரை மீட்டர் விட்டத்துக்கு இடம் இருக்கும். குளியலறையில் வரம்பு இருக்காது, சேரோடு ஷவர் வரை போகலாம். இன்னொரு ரகம் கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கானது: கைப்பிடிகளும் ஷவர் இருக்கையும் இருக்கும், கதவு மட்டும் பழைய அகலமாகவே இருக்கலாம். இரண்டுக்கும் விளம்பரத்தில் ஒரே வீல்சேர் படம்தான். ரகம் எது என்று கேட்காமல் பணம் கட்டியவர், கப்பலில்தான் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வார்.

ஆகவே, சேரில் ஆளை உட்காரவைத்தே அளந்துகொள்ளுங்கள். வெளிக் கைவளையத்திலிருந்து மறுபக்க வெளிக் கைவளையம் வரை. ஸ்கூட்டர் என்றால் நீளம், அகலம், எடை, பேட்டரி வகை நான்கும் வேண்டும். பிறகு நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள்: அறைக் கதவு முழுதாகத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு, குளியலறைக் கதவு எவ்வளவு, வரம்பு உண்டா, கழிப்பறை இருக்கையும் கட்டிலும் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பால்கனி வாசலில் ரேம்ப் உண்டா. ஆளைத் தூக்கி மாற்றும் ஹாய்ஸ்ட் கொண்டுபோகிறவர்கள், கட்டிலுக்கு அடியில் அதன் கால்கள் நுழைய இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அடைத்துச் செய்த கட்டில் என்றால் ஹாய்ஸ்ட் பக்கத்திலேயே வராது. போனில் “எல்லாம் இருக்கும், சார்” என்பது பதிலே அல்ல. சென்டிமீட்டரில் மின்னஞ்சல் வர வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் கோட்டைவிடுகிறவர்களும் உண்டு, அது இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, எந்த அறை என்று நிறுவனமே பின்னால் முடிவு செய்யும் மலிவுக் கட்டணத்தில் சிக்குவது. மற்றது, பயணத்துக்குச் சில வாரம் முன்பு வரும் “மேம்பட்ட அறை வேண்டுமா?” அழைப்புக்குச் சரி என்று அழுத்திவிடுவது. பெரிய பால்கனி கிடைக்கும், 81 செ.மீ. கதவு போய்விடும். அந்த மின்னஞ்சலைத் திறக்காமலே அழித்துவிடுவது நல்லது.

டிக் அடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

முன்பதிவில் ‘வீல்சேர் உதவி தேவை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால் கிடைப்பது, முனையத்திலிருந்து கப்பலுக்குள் தள்ளிக்கொண்டு போய் விடுவதும், கடைசி நாளில் அதேபோல் இறக்கிவிடுவதும் மட்டுமே. ஏறியதும் அந்தச் சேரை அடுத்தவருக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கப்பலிலும் சில சேர்கள் இருக்கும், ஆனால் அவை அவசரத்துக்கு. சாப்பாட்டு அறைக்குப் போக அவற்றைக் கேட்டால் மரியாதையாக மறுப்பார்கள்.

பெரிய கப்பல்களின் நீளத்தைத் தெரிந்துகொண்டால் இதன் கனம் புரியும். 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ சுமார் 365 மீட்டர். முன்முனை அறையிலிருந்து பின்முனை உணவகம் வரை ஒரு நாளைக்கு மூன்று முறை போய்வந்தால் இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். வீட்டுக்குள் கைத்தடியோடு சமாளிக்கிறவர் இங்கே இரண்டாம் நாளே உட்கார்ந்துவிடுவார். சொந்தமாகச் சேர் இல்லாதவர்கள், கப்பல் அறைக்கே கொண்டுவந்து தரும் வாடகை நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அறையும் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நேர் எதிரே வேண்டாம். நேர் எதிரே என்றால் நள்ளிரவு வரை பேச்சுச் சத்தம்.

ஐரோப்பிய ஒன்றியத்துத் துறைமுகங்களில் ஏறுகிறவர்களுக்கு 1177/2010 எண் கொண்ட ஒழுங்குமுறை உண்டு. உதவி தேவை என்பதைக் குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் தனி வசதியுள்ள அறை, கூடவே கொண்டுவரும் மருத்துவக் கருவி ஆகியவற்றை முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, 48 மணி நேரக் கணக்கில் ஆக்சிஜன் கருவியைப் பற்றிச் சொல்ல வருகிறார்கள்.

டெண்டர் துறைமுகத்தைக் கவனிக்காமல் விடுவது

பயண அட்டவணையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ‘டெண்டர்’ அல்லது ஒரு நங்கூரக் குறி இருந்தால், கப்பல் கரையைத் தொடாது என்று பொருள். கடலில் நின்றுகொண்டு, சிறு படகில் ஆட்களை அனுப்பும். கிரேக்கத் தீவான சாண்டோரினி, கரீபியன் தீவான கிராண்ட் கேமன் இரண்டும் இதற்குப் பெயர்போனவை.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு மேடை இருக்கும், அதையொட்டிப் படகு. அலைக்குத் தக்கபடி படகு ஏறி இறங்கும். மேடையும் படகும் ஒரே மட்டத்துக்கு வரும் அந்த ஒரு நொடியில் காலை எடுத்துவைக்க வேண்டும். இரு பக்கமும் ஊழியர்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் தூக்கமாட்டார்கள். அதனால் சில அடியாவது சொந்தக் காலில் வைக்க முடிந்தவர்களை மட்டுமே ஏற்றுவது பல நிறுவனங்களில் வழக்கம். மடக்கு வீல்சேரைத் தனியாக ஏற்றித் தருவார்கள். கனமான ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. அலை கூடினால் காலையில் ‘சரி’ என்றது பத்து மணிக்கு ‘முடியாது’ ஆகும், அதில் வாதாடிப் பயனில்லை.

சாண்டோரினியில் படகிலிருந்து இறங்கியபின்னும் பிரச்சினை முடிவதில்லை. பழைய துறைமுகத்திலிருந்து மேலே இருக்கும் ஃபிரா நகருக்குப் போகக் கேபிள் கார், இல்லையென்றால் 580க்கு மேற்பட்ட படிகள்.

ஏழு துறைமுகப் பயணத்தில் நான்கு டெண்டர் என்றால், அந்த நான்கு நாளும் டெக்கிலிருந்து கரையைப் பார்க்கத்தான் பணம் கட்டுகிறோம். எண்ணிப் பார்த்துவிட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள்.

கேங்வேயின் சரிவை மறப்பது

கேங்வே என்பது கப்பலிலிருந்து கரைக்குப் போடும் பாலம். கரையோடு கட்டிய கப்பலிலும் அதன் ஏற்ற இறக்கம் நாள் முழுக்க ஒன்றுபோல் இருக்காது. ஓத நீர் ஏறும்போது கப்பலும் உயரும், காலையில் சமமாக இருந்த பாலம் மாலையில் செங்குத்தாகும். வீல்சேரை இறக்கும்போது எப்போதும் பின்புறமாக இறக்குங்கள். ரொம்பச் சரிவு என்றால் ஊழியரைக் கூப்பிடுங்கள், வீரம் வேண்டாம்.

சுற்றுலாப் பேருந்து

கரையில் சுற்றிப்பார்க்கப் போகும் பேருந்து, வீல்சேரை ஏற்றும் லிஃப்ட் பொருத்திய வண்டியா என்று கேட்டபிறகே பணம் கட்டுங்கள்.

சர்ஜ் புரொடெக்டர் கொண்டுபோவது

பிளக் போதாது என்று வீட்டிலிருந்து சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் அமைப்பு) உள்ள பலகையைக் கொண்டுவருவார்கள், ஏறும் இடத்திலேயே அது பறிமுதலாகும். கெடுபிடி என்று கோபப்படுவதில் நியாயமில்லை. கரையில் மின்சாரத்தின் ஒரு கம்பி நியூட்ரல், அது பூமியோடு இணைந்தது. கப்பலிலோ பல இடங்களில் இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். வேறெங்கோ ஒரு கசிவு ஏற்பட்டால், வீட்டுக்காகச் செய்த சர்ஜ் புரொடெக்டர் சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013லேயே இதற்கு எச்சரிக்கை விட்டது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமலிருக்கக் காற்றை அழுத்தித் தரும் சீபேப் (CPAP) கருவி பயன்படுத்துகிறவர்கள், நீட்டிப்பு வயரும் காய்ச்சி வடித்த நீரும் வேண்டும் என்று முன்பே எழுதிவிட்டால் பல கப்பல்களில் அறையிலேயே வைத்திருப்பார்கள்.

விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறவர்கள் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியையும் கணக்கிடுங்கள். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் என்றால் 288. கழற்றிக் கைப்பையில் கொண்டுபோகும் பேட்டரிக்கு வரம்பு 300. சின்ன வித்தியாசத்தில் தப்பித்தது.

போனின் கடிகாரத்தை நம்புவது

கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கரையில் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ தன் நேரத்தில்தான் கிளம்பும். சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சானிடைசரை மட்டும் தேய்ப்பது

வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரசுக்கு அது போதாது. சோப்பு, தண்ணீர், இருபது நொடி.

பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிப்பது

2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியபோது, அன்றுதான் ஏறியிருந்த பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிய வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. வீல்சேரில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் வேலை ஒன்று உண்டு. ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்பக்கூடாது, படியில் ஊழியர்கள்தான் இறக்க வேண்டும். அவர்களின் பட்டியலில் அறை எண் இருக்கிறதா என்று முதல் நாளே வரவேற்பு மேசையில் கேட்டுவிடுங்கள். அறை மாறியிருந்தால் மறுபடி கேளுங்கள்.

கடைசி இரவு

பெட்டிகளை இரவு பத்து, பதினோரு மணிக்குள் வாசலில் வைக்கச் சொல்வார்கள், மறுநாள் முனையத்தில்தான் அவற்றைப் பார்க்கலாம். காலையில் போடும் செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். ஸ்கூட்டரின் சார்ஜரையும் அதிலேயே வையுங்கள். பெட்டியோடு அதைக் கட்டி அனுப்பிவிட்டு, பேட்டரி பாதியில் நிற்கிறதே என்று இரவு பன்னிரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருப்பவர் ஒருவராவது ஒவ்வொரு பயணத்திலும் இருக்கிறார்.