கையா பட்டியலிலிருந்து நம்பத்தக்க விண்மீன் தொகுப்பைப் பிரித்தெடுப்பது எப்படி?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் 2013 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டு, 2025 ஜனவரி 15 வரை வானை அளந்தது. 2022 ஜூன் 13 அன்று வெளியான அதன் மூன்றாம் தரவு வெளியீட்டில் ஏறத்தாழ 180 கோடி ஒளிமூலங்களும், ஒவ்வொன்றுக்கும் 150க்கு மேற்பட்ட நெடுவரிசைகளும் உள்ளன. புதிதாக வருபவர்கள் இந்த அளவைக் கண்டு மலைக்கிறார்கள். அளவைச் சமாளிக்க மென்பொருள்கள் இருக்கின்றன. எந்த வரிசைகளை எடுத்தோம், எவற்றை நம்மை அறியாமலே கழித்தோம் என்று சொல்லத் தெரியாத நிலைக்குத்தான் மென்பொருளால் மருந்து தர முடியாது. கார்த்திகைக் கூட்டத்தின் விண்மீன்களைப் பிரித்தெடுக்கும் வேலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்தக் கணக்கை எப்படி வைத்திருப்பது என்று இங்கே காண்போம்.

வினவலை எழுதுதல்

முழுப் பட்டியலையும் பதிவிறக்கத் தேவையில்லை. தரவு இருக்கும் இடத்துக்கே கேள்வியை அனுப்பும் முறையை, ஸ்லோன் வான் அளவாய்வுக்காக அலெக்ஸ் சாலேயும் ஜிம் கிரேயும் உருவாக்கி 2001இல் திறந்த ஸ்கைசர்வர் பரவலாக்கியது. இன்று கையா காப்பகத்தில் ஏடிக்யூஎல் என்னும் வினவல் மொழி அதே வேலையைச் செய்கிறது. எஸ்க்யூஎல் அறிந்தவருக்கு அது ஒரே நாளில் பழகிவிடும். பைத்தானில் ஆஸ்ட்ரோகொயரி தொகுப்பின் வழியாகவோ, டாப்கேட் மென்பொருளிலிருந்தோ வினவலை அனுப்பலாம். உடனடி விடை தரும் வகை வினவலை ஆஸ்ட்ரோகொயரியில் பயன்படுத்தினால் முதல் 2000 வரிசைகளோடு விடை துண்டிக்கப்படும் என்பதால், பெரிய தொகுப்புகளுக்குப் பின்னணியில் ஓடும் ஒத்திசைவற்ற வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் 24.12 பாகை என்ற புள்ளியை மையமாகக் கொண்டு 5 பாகை ஆரமுள்ள வட்டத்தைக் கேளுங்கள். கூட்டம் சுமார் 135 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) தொலைவில் இருப்பதால், இந்த ஆரம் அங்கே ஏறக்குறைய 12 பார்செக் ஆகும். இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம்மாறித் தோன்றும் கோணம்; தொலைவு கூடினால் இது குறையும்) 6 முதல் 9 மில்லி வில்விநாடி (வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு; அதில் ஆயிரத்தில் ஒன்று) வரை என்ற ஒரே நிபந்தனையை மட்டும் இப்போதைக்குச் சேருங்கள். தர நிபந்தனைகளை வினவலிலேயே திணிக்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. அவ்வாறு செய்தால் கழிக்கப்பட்டவை எவை என்று பின்னர் பார்க்கவே வழியிருக்காது. தரத்தைக் காட்டும் நெடுவரிசைகளையும் சேர்த்து இறக்கிக்கொண்டு, கழித்தலை நம் கணினியில் செய்வதே நல்லது.

வினவலைச் சிறு மாதிரியில் சோதிக்க விரும்பினால், முதல் ஆயிரம் வரிசைகளைக் கேட்பது போதாது. அவை சேமிப்பு வரிசையில் வருவனவே தவிர, எதேச்சையான மாதிரி அல்ல. அதற்கென்றே பட்டியலில் ரேண்டம் இண்டெக்ஸ் என்ற நெடுவரிசை உள்ளது. அதில் ஒரு வரம்பைக் குறிப்பிட்டால் எதேச்சையான பகுதி கிடைக்கும்.

அடையாள எண்ணைக் காத்தல்

கையாவின் அடையாள எண்களில் பெரும்பாலானவை 18, 19 இலக்கங்கள் கொண்ட 64 பிட் முழு எண்கள். 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணால் 15 அல்லது 16 இலக்கங்களையே பிழையின்றி வைத்திருக்க முடியும். ஆகவே கோப்பை விரிதாள் மென்பொருளில் ஒருமுறை திறந்து சேமித்தாலோ, வெற்று மதிப்புகள் கலந்த நெடுவரிசையைப் பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பு தானாக மிதவை எண்ணாக மாற்றிவிட்டாலோ, கடைசி இலக்கங்கள் ஓசையின்றிச் சிதைந்துவிடும். இரண்டு அட்டவணைகளை இணைத்தபோது பாதி விண்மீன்கள் காணாமல் போன காரணத்தைத் தேடி நான் ஒரு வாரத்தை இழந்திருக்கிறேன். எண்ணை முழு எண்ணாக அறிவித்துப் படியுங்கள். உரைக்கோப்பைத் தவிர்த்து ஃபிட்ஸ் அல்லது பார்க்கே வடிவத்தில் சேமியுங்கள்.

அந்த எண்ணுக்குள்ளேயே விண்மீனின் இடமும் பொதிந்திருக்கிறது. அதை 34,359,738,368 ஆல் வகுத்து, ஈவின் முழுப்பகுதியை மட்டும் எடுத்தால், வானை 20 கோடிச் சம பரப்புக் கட்டங்களாகப் பிரிக்கும் ஹீல்பிக்ஸ் முறையின் பன்னிரண்டாம் நிலைக் கட்ட எண் கிடைக்கும். முழு வானையும் கையாளும் நாளில், தரவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கே கோப்புகளில் வைத்து, தேவையான நெடுவரிசைகளை மட்டும் படிக்க இது உதவும்.

கழிப்பதற்கு முன்

முதலில் வருவது ரூவே என்ற தர அளவு. விண்மீனின் இயக்கத்தை ஒற்றை விண்மீன் மாதிரி எவ்வளவு நன்றாக விளக்குகிறது என்பதை அது காட்டுகிறது; நல்ல பொருத்தத்துக்கு 1 அளவில் இருக்கும்; 1.4க்கு மேற்பட்டவற்றை நீக்குவது வழக்கம். ஆனால் இரட்டை விண்மீன்கள் தள்ளாடி நகர்வதாலேயே அவற்றின் ரூவே உயர்கிறது. எனவே கூட்டத்தில் இரட்டைகளின் விழுக்காட்டை அறிய வந்தவர் இந்த வழக்கமான வரம்பை இட்டால், தேடிய பொருளையே குப்பையில் போட்டவர் ஆவார்.

அடுத்தது, இடமாறு கோணத்தை அதன் பிழையால் வகுத்து, விடை 20க்கு மேல் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம். பொலிவெண் 20 உள்ள மங்கலான விண்மீனுக்கு (பொலிவெண் கூடினால் ஒளி குறைவு) அந்தப் பிழை சுமார் 0.5 மில்லி வில்விநாடி. கூட்டத்தின் இடமாறு கோணம் ஏறத்தாழ 7.4. வகுத்தால் 15தான் வரும். ஆக, இந்த நிபந்தனை கூட்டத்தின் மிகச் சிறிய நிறையுள்ள விண்மீன்களை மொத்தமாக நீக்கிவிடும். பிறகு வரையும் நிறைப் பரவல் ஒரு முனையில் சரிவதைக் கண்டு, அது இயற்கையின் பண்பு என்று நாம் எழுதிவிடக்கூடும். ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னும் எத்தனை விண்மீன்கள் எஞ்சின என்று மட்டும் குறிக்காமல், நீங்கியவற்றின் பொலிவையும் நிறத்தையும் தனியே வரைந்து பாருங்கள். நீங்கியவை எஞ்சியவற்றின் சாயலிலேயே இருந்தால் கவலை குறைவு; ஒரே மூலையில் குவிந்திருந்தால் நிபந்தனையை மாற்ற வேண்டும்.

இடமாறு கோணத்தைத் தலைகீழாக்கித் தொலைவைப் பெறுவது, பிழை சிறிதாக இருக்கும் இக்கூட்டத்தின் பொலிவான விண்மீன்களுக்குப் பொருந்தும். தொலைவு கூடக்கூட அது தவறான விடை தரும். எதிர்மறை இடமாறு கோணங்களும் பட்டியலில் நிறைய உள்ளன, அவை அளவீட்டுச் சிதறலின் இயல்பான விளைவு. அவற்றை மட்டும் நீக்கினால் சிதறலின் ஒரு பக்கத்தை வெட்டியதாகிவிடும். இதோடு ஒரு முறைசார் பிழையும் சேர்கிறது: மிகத் தொலைவில் இருப்பதால் இடமாறு கோணம் சுழியாக இருக்க வேண்டிய குவாசர்களுக்கு, கையாவின் இடைநிலை மதிப்பு −0.017 மில்லி வில்விநாடி. கார்த்திகைக் கூட்டத்துக்கு இது கால் விழுக்காடு கூட இல்லை. நம் பால்வழிக்கு அண்டையில் உள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகலானிய மேகத்தின் இடமாறு கோணமோ 0.02 அளவில்தான் உள்ளது என்பதால், அங்கே திருத்தமும் அளவீடும் ஒரே பருமனில் நிற்கின்றன.

உறுப்பினர்களைப் பிரித்தல்

இப்போது தன்னியக்கத்தை, அதாவது விண்மீன் வானில் ஆண்டுதோறும் நகரும் அளவை, வரைபடமாக்குங்கள். பின்புல விண்மீன்கள் சுழியைச் சுற்றிப் பரவியிருக்க, கூட்டம் கிழக்காக ஆண்டுக்கு 20, தெற்காக 45 மில்லி வில்விநாடி என்ற இடத்தருகே திரண்டு நிற்கும். கிழக்கு மேற்குக் கூறில் நடுவரை விலக்கத்தின் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டுள்ளது. மீண்டும் பெருக்குவது எளிதில் நேரும் தவறு. திரளைச் சுற்றி வட்டமிட்டபின், உள்ளே புகுந்த அயலாரை மதிப்பிட, அதே பால்வழி அகலாங்கில் வேறொரு வட்டத்தை எடுத்து அதே நிபந்தனைகளை இட்டு எண்ணுங்கள். ரிஷபத்தின் விண்மீன் உருவாக்கப் பகுதியும் சுமார் 140 பார்செக் தொலைவிலேயே இருப்பதால், ஒப்பீட்டு வட்டம் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அகச்சிவப்பு அளவீடுகளுக்காக டூமாஸ் வான் அளவாய்வின் பட்டியலோடு இணைக்கும்போது காலத்தைக் கவனியுங்கள். டூமாஸ் 1997 முதல் 2001 வரை எடுக்கப்பட்டது. கையாவின் இடங்கள் 2016க்கு உரியவை. ஆண்டுக்கு 49 மில்லி வில்விநாடி நகரும் நம் விண்மீன்கள் 17 ஆண்டுகளில் 0.8 வில்விநாடிக்கு மேல் விலகியிருக்கும். 1 வில்விநாடி ஆரத்தில் தேடினால் பல இணைகள் விளிம்பில் நழுவும். முதலில் இடங்களைப் பின்னோக்கி நகர்த்தி, பிறகு தேடுங்கள். மாறாக, ஆரத்தை 5 ஆக விரிப்பது ஆபத்து. ஒரு சதுரப் பாகைக்கு ஒரு லட்சம் விண்மீன்கள் உள்ள நெரிசலான பகுதியில், 1 வில்விநாடி ஆரத்துக்குள் தற்செயலாக ஒன்று விழும் எண்ணிக்கை 0.024, 5 வில்விநாடி ஆரத்துக்குள் 0.6.

வகைப்படுத்தும் மாதிரிகள்

இயந்திரக் கற்றலுக்கும் இதே நோய் உண்டு. சிலியின் செரோ பச்சோனில் 8.4 மீட்டர் ஆடியும் 3200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட ரூபின் ஆய்வகம், இரவுக்குச் சுமார் 20 டெராபைட் தரவும் வானில் ஏதோ மாறியதைச் சொல்லும் ஒரு கோடி வரையிலான அறிவிப்புகளும் தருவதற்காகக் கட்டப்பட்டது. அவற்றைப் பிரிக்கும் மாதிரிகளைப் பயிற்றுவிக்க, நிறமாலையால் உறுதி செய்யப்பட்ட பொருள்களே பெரிதும் பயன்படுகின்றன. அவை பெரும்பாலும் பொலிவானவை. ஆதலால் ஒட்டுமொத்தத் துல்லியத்தைச் சொல்லி நிறுத்தாமல், பொலிவெண் வாரியாகப் பிரித்துத் துல்லியத்தை அளக்க வேண்டும். சோதனைத் தொகுப்பையும் வானின் வேறு பகுதியிலிருந்து எடுப்பது நலம்.

இறுதித் தொகுப்போடு வினவலின் முழு உரையையும், வெளியீட்டின் எண்ணையும், ஒவ்வொரு நிபந்தனைக்குப் பிந்தைய எண்ணிக்கையையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். இரண்டாம் வெளியீட்டிலிருந்து மூன்றாவதுக்கு வந்தபோது ஒரே விண்மீனின் அடையாள எண் மாறிய நிகழ்வுகள் உண்டு. அவற்றைப் பொருத்தத் தனி அட்டவணையே தர வேண்டியிருந்தது. வெளியீட்டின் எண் குறிக்கப்படாத பட்டியலை அந்த அட்டவணையைக் கொண்டும் மீட்க முடியாது.