ஸ்பாட்டிங் ஸ்கோப்பை ஆடாமல் நிறுத்துவது எப்படி: கார் ஜன்னலிலும் வெட்டவெளியிலும்

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது தூரத்துப் பறவையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி. அது சுமார் 40 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் வைக்கும் முனை வெறும் அரை மி.மீ. நகர்ந்தால், 300 மீட்டர் தள்ளி அது குறிபார்க்கும் இடம் 37 செ.மீ. விலகிப் போகும். ஒரு மைனாவின் நீளமே 25 செ.மீ.க்குள்தான். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கிவிட்டு "படம் தெளிவாக இல்லையே" என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் கோளாறு லென்ஸில் இல்லை, ஸ்கோப் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

எங்கே மாட்டினாலும் வரிசை ஒன்றுதான். முதலில் நீங்கள் வசதியாக உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். அடுத்து, கண் எங்கே இருக்கிறதோ அங்கே ஐபீஸை, அதாவது கண் வைக்கும் முனையை, கொண்டுவாருங்கள். ஸ்கோப்பை ஒரு இடத்தில் மாட்டிவிட்டு அதற்கேற்பக் கழுத்தை வளைத்தால், ஐந்து நிமிடத்தில் உடம்பு நடுங்கும். அந்த நடுக்கம் ஐபீஸ் வழியாக ஸ்கோப்புக்கும் போகும்.

நேர் உடலா, வளைந்த உடலா?

ஐபீஸ் குழாயின் நேர்கோட்டிலேயே இருந்தால் நேர் மாடல். 45 டிகிரி மேல்நோக்கி வளைந்திருந்தால் வளைந்த மாடல். காருக்கு நேர் மாடல்தான் சரி என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. நேர் ஸ்கோப்பைப் பக்கவாட்டு ஜன்னலில் மாட்டினால், நீங்கள் இடுப்பை முழுக்கத் திருப்பி, முதுகைப் பக்கத்து சீட் பக்கம் காட்டி உட்கார வேண்டும். வளைந்த ஸ்கோப்பில் சுழலும் காலர் (உடலைச் சுற்றிப் பிடித்து, அதைச் சுழல விடும் வளையம்) இருந்தால் வேறு வழி உண்டு. ஜன்னல் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பை ஜன்னலின் முன்பகுதியில், பின்னால் வருவதைக் காட்டும் மிரருக்கு அருகில் மாட்டுங்கள். காலர் திருகைத் தளர்த்தி, ஐபீஸ் உங்கள் சீட்டைப் பார்க்கும்படி உடலை 90 டிகிரி சுழற்றுங்கள். இப்போது ஜன்னலுக்கு வெளியே நேர் பக்கவாட்டில் இருப்பதை, தலையைப் பாதி மட்டும் திருப்பிப் பார்க்கலாம். படமும் சாயாது.

காலர் இல்லாத வளைந்த மாடல் காருக்குத் தொல்லைதான். ஐபீஸ் மேல்நோக்கி நிற்பதால், அதற்கு மேலே தலையைக் கொண்டுபோக முடியாமல் கூரை விளிம்பு தடுக்கும்.

வெளியில் வளைந்த மாடல்தான் சுகம். டிரைபாட்டைத் தாழ்வாக வைத்தாலே போதும் என்பதால் ஆட்டம் குறையும். உயரம் வேறுபட்ட நான்கு பேர் மாறி மாறிப் பார்க்கலாம், ஒவ்வொரு முறையும் கால்களை நீட்டிச் சுருக்க வேண்டியதில்லை.

ஸ்க்ரூவும் பிளேட்டும்

அவசரமாகக் கடந்துவிடும் பகுதி இது. தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான்.

பிளேட் என்பது ஸ்கோப்பின் அடியில் திருகி, டிரைபாட்டிலோ கிளாம்பிலோ மாட்டும் தட்டு. ஸ்கோப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாதத்தில் அதற்கான ஒரு துளை இருக்கும். பெரும்பாலும் 1/4 அங்குல ஸ்க்ரூவுக்கானது (அங்குலத்துக்கு 20 மரை). சிலவற்றில் 3/8 அங்குலத் துளையும் (அங்குலத்துக்கு 16 மரை), அதைச் சிறிதாக்க உள்ளே ஒரு புஷ்ஷும் இருக்கும். ஸ்க்ரூ தொலைந்துவிட்டால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. போல்ட்டைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 1/4 அங்குலம் என்பது 6.35 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 1.27 மி.மீ. சாதாரண 6 மி.மீ. போல்ட்டில் அந்த இடைவெளி 1 மி.மீ. உள்ளே போவது போல இருக்கும், இரண்டு சுற்றுக்குப் பிறகு அலுமினிய மரையைத் தின்னத் தொடங்கும்.

இன்னொரு பொறி, ஸ்க்ரூவின் நீளம். நீளமான ஸ்க்ரூ துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகிய உணர்வு வரும், ஆனால் பிளேட்டுக்கும் ஸ்கோப்பின் பாதத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி மிச்சம் இருக்கும். இறுக்கிய பிறகு ஒரு தாள் விளிம்பை அந்த இடத்தில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஸ்க்ரூ நீளம். ஒரு வாஷர் போடுங்கள், அல்லது குட்டையான ஸ்க்ரூவுக்கு மாறுங்கள்.

பிளேட்டின் நீளவாக்கு ஸ்கோப்பின் நீளவாக்கோடு ஒத்துப்போக வேண்டும். கேமராவுக்கான பிளேட்டுகள் சிலவற்றில் பின்பக்கம் ஒரு உதடு நீட்டிக்கொண்டிருக்கும். அது ஸ்கோப் பாதத்தில் இடித்து, பிளேட்டைச் சரியாக உட்காரவிடாது. உதடு இல்லாத பிளேட்டோ, வீடியோ ஹெட்டுக்கான நீண்ட பிளேட்டோ எடுங்கள் (ஹெட் என்பது டிரைபாட்டின் உச்சியில் ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் பகுதி). திருகிப்போகாமல் தடுக்க ஒரு சிறு முளை இருந்தால் இன்னும் நல்லது. சில ஸ்கோப்களின் பாதமே அர்கா-ஸ்விஸ் என்ற பிளேட் வகையின் வடிவத்தில் வெட்டப்பட்டிருக்கும். அப்படியானால் அதே வகைப் பிடி உள்ள ஹெட்டில் பிளேட்டே தேவையில்லை.

இறுக்க விரல் போதாது. ஸ்க்ரூத் தலையில் உள்ள பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்து கால் சுற்று கூடுதலாகத் திருப்புங்கள். பிளேட்டில் ரப்பரோ கார்க்கோ ஒட்டியிருந்தால், அது அமுங்கி மறுநாள் மறுபடி தளரும். ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கார் ஜன்னலில் கிளாம்ப் மாட்டுதல்

1. பார்க்கப் போகும் திசை ஜன்னலுக்கு நேர் பக்கவாட்டில் இருக்கும்படி காரை நிறுத்துங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் நல்லது. போனெட்டுக்கு மேலாகப் பார்க்கும்படி நிறுத்தாதீர்கள், இன்ஜின் சூடு படத்தைக் கொதிக்கவைக்கும்.

2. ஹேண்ட் பிரேக் போட்டு இன்ஜினை அணையுங்கள். ஐட்லிங் அதிர்வு உடம்புக்குத் தெரியாமல் போகலாம், 30 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

3. கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்புக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. மட்டும் தெரியும்படி வையுங்கள். அதற்கு மேல் உயர்த்த உயர்த்தக் கண்ணாடி ஊஞ்சலாடும். இப்போது பவர் விண்டோ பூட்டுப் பொத்தானை அழுத்தி, சாவியையும் எடுத்துவிடுங்கள். ஸ்கோப் மாட்டியிருக்கும்போது யாராவது ஜன்னல் பொத்தானைத் தட்டிவிட்டால், கூரை விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஸ்கோப் மாட்டிக்கொள்ளும்.

4. கண்ணாடியின் மேல் விளிம்பை ஈரத் துணியால் துடையுங்கள். கிளாம்பின் ரப்பர் பட்டைகள் முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் உறுதியேற்றப்பட்ட கண்ணாடி. பரப்பில் அடித்தால் தாங்கும், விளிம்பில் இரும்பு நேராகப் பட்டு அழுத்தினால் மொத்தமும் மணிமணியாகக் கொட்டிவிடும். பட்டை தேய்ந்து உலோகம் எட்டிப் பார்த்தால் அந்தக் கிளாம்பை மாட்டாதீர்கள்.

5. ஸ்கோப் இல்லாமல் வெறும் கிளாம்பை மட்டும் மாட்டி இறுக்குங்கள். நல்ல கிளாம்புகளில் கீழே ஒரு கை நீண்டு, கதவின் உள்பக்கத்தில் சாய்ந்து நிற்கும். எடையின் வளைப்பு விசையை வாங்கிக்கொள்வது அந்தக் கைதான், அது கதவைத் தொட்டாக வேண்டும். அந்தக் கை இல்லாத கிளாம்பில் 60, 65 மி.மீ. விட்டமுள்ள முன் லென்ஸ் கொண்ட சிறிய ஸ்கோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. சீட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, கிளாம்பின் நாபை (திருகுக் குமிழை) தளர்த்தி, ஸ்கோப் உட்காரும் பகுதியை நீங்கள் பார்க்கும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கோப்பை மாட்டுவது கடைசி வேலை. மாட்டியதும் ஒரு கையால் தாங்கிக்கொண்டே நாபை இறுக்குங்கள். விட்டவுடன் முன்பக்கம் தலைகுப்புறச் சாய்ந்தால் ஸ்கோப்பைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

சட்டம் இல்லாத கதவுள்ள காரில், அதாவது கண்ணாடி தனியாக நிற்கும் வகையில், கிளாம்ப் வேண்டவே வேண்டாம். தானியமோ மணியோ நிரப்பிய பையான பீன் பேக்கே போதும்.

பீன் பேக், உண்மையில் இதுதான் எளிது

பணம் குறைவு, கனமான ஸ்கோப்பையும் தாங்கும். கண்ணாடியை முழுக்க இறக்கி, இரண்டு பைகள் இணைந்த சேணம் போன்ற பையைக் கதவு விளிம்பில் போடுங்கள். ஒரு பை உள்ளே, ஒரு பை வெளியே தொங்கும். நிரப்புவது முக்கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. திணித்து நிரப்பிய பை உருளைக்கட்டை மாதிரி ஆகிவிடும், ஸ்கோப்புக்கு அதில் பள்ளம் கிடைக்காது. உலர்ந்த தானியம் நன்றாக அமரும், ஆனால் நனைந்தால் ஊறும், பூச்சியும் வரும். பிளாஸ்டிக் மணிகள் எடை குறைவு, நனைந்தாலும் கவலையில்லை.

ஸ்கோப்பைப் பையில் வைக்கும்போது அடியில் உள்ள பாதம் குத்திக்கொண்டு நிற்கும். காலர் இருந்தால் பாதத்தைப் பக்கவாட்டில் சுழற்றிவிடுங்கள். பிறகு உள்ளங்கையால் ஸ்கோப்பை மெல்ல அழுத்தி, இடவலமாக இரண்டு முறை அசையுங்கள். பை தானாகவே அச்சு எடுத்துக்கொள்ளும். கண்ணாடி முழுக்க இறங்காத கதவாக இருந்தால், மீதி நிற்கும் விளிம்பின்மேல் மடித்த துண்டைப் போட்டுவிட்டுப் பையை வையுங்கள்.

காரில் இன்னும் இரண்டு விஷயம். மூடிய கண்ணாடி வழியாகப் பார்க்காதீர்கள். கார்க் கண்ணாடி வெறும் கண்ணுக்குத்தான் சமதளம், 20 மடங்குக்கு மேல் படத்தை இழுத்துக் குழப்பும். அடுத்தது சூடு. உள்ளே ஏசியோ ஹீட்டரோ ஓடியிருந்தால், திறந்த ஜன்னலில் இருவேறு வெப்பக் காற்று கலந்து, கானல் போலப் படம் நெளியும். எல்லா ஜன்னலையும் திறந்து பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். பின்சீட்டில் இருப்பவரிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தாலே சஸ்பென்ஷன் மொத்தமாக ஆடும்.

வெளியே: டிரைபாட்

80 மி.மீ. லென்ஸுள்ள ஸ்கோப் தோராயமாக ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். ஹெட்டின் தாங்குதிறன் அதற்கு இரண்டு மடங்காவது இருக்கட்டும். ஓர் உருண்டை மேல் எல்லாப் பக்கமும் சுழலும் பால் ஹெட் வேண்டாம். பூட்டைத் தளர்த்தியதும் ஸ்கோப் எல்லாத் திசையிலும் சரியும். இடவலமும் மேல்கீழும் தனித்தனியாக நகரும், ஒரு கைப்பிடி உள்ள வீடியோ ஹெட்தான் பொருத்தம்.

கால்களை விரிக்கும்போது மேலே உள்ள தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள், அடியிலுள்ள மெல்லிய பகுதி கடைசி. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். முக்காலியின் தலையில் ஒற்றைக் காலை நட்டது போல ஆகிவிடும். ஒரு காலைப் பார்க்கும் திசைக்கு நீட்டுங்கள், மற்ற இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள், கால் இடறாது. சரிவான தரையில் இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம் இருக்கட்டும். காற்று பலமாக இருந்தால் உயரத்தைக் குறைத்து உட்கார்ந்து பாருங்கள். நடுத்தண்டுக் கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் அதன் அடி தரையைத் தொட வேண்டும், அந்தரத்தில் ஆடும் பை ஆட்டத்தைக் கூட்டும்.

சமநிலை பார்க்க: மேல்கீழ்ப் பூட்டைத் தளர்த்துங்கள், ஒரு கை ஸ்கோப்புக்கு அடியில் இருக்கட்டும். முன்னே சாய்ந்தால் ஸ்கோப்பைப் பின்னுக்கு, பின்னே சாய்ந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். கை எடுத்த பிறகும் அப்படியே நின்றால் சரி. செல்போன் அடாப்டரை மாட்டினால் பின்பக்கம் கனக்கும், இதை மறுபடி செய்ய வேண்டும்.

குறிபார்க்க ஒரு மலிவான வழி

20 மடங்கில் 1000 மீட்டர் தொலைவில் தெரியும் அகலமே ஏறக்குறைய 35 மீட்டர்தான். அதில் ஒரு மரக்கிளையைத் தேடுவது முதல்முறை பார்ப்பவருக்குச் சலித்துப்போகும், வளைந்த மாடலில் இன்னும் மோசம். லென்ஸின் வெயில் மறைப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் ஜிப் டையைக் கட்டி, வாலை 1 செ.மீ. விட்டு வெட்டுங்கள். தூரத்துக் கம்பம் ஒன்றை ஸ்கோப்பின் நடுவில் கொண்டுவந்து பூட்டுங்கள். பிறகு ஸ்கோப்புக்குப் பின்னாலிருந்து உடலின் விளிம்போரமாக வெறும் கண்ணால் பார்த்து, வாலின் நுனி அந்தக் கம்பத்தை மறைக்கும்வரை டையை நகர்த்துங்கள். இனி வால் காட்டும் இடமே ஸ்கோப் பார்க்கும் இடம். தலையை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்துக் குறிபார்ப்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

தேடுவது எப்போதும் குறைந்த ஜூமில். கண்டுபிடித்து, ஃபோகஸ் செய்து, பிறகு ஜூமைக் கூட்டுங்கள். 80 மி.மீ. லென்ஸில் 20 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4 மி.மீ. அகலம், 60 மடங்கில் 1.3 மி.மீ. கூட்டக் கூட்டப் படம் இருளும், ஆட்டமும் பெருகும். காரில் 30 மடங்குக்கு மேல் போவது பெரும்பாலும் வீண். கண்ணாடி அணிந்தவர்கள் ஐபீஸின் ரப்பர் வளையத்தை முழுக்கத் திருகி இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும்.

சூரியன் இருக்கும் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். ஒரு நொடி போதும், பார்வை திரும்பாது.

கழற்றும்போது

மாட்டிய வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் ஸ்கோப், பிறகுதான் கிளாம்ப். "அடுத்த குளம் பக்கத்தில்தானே" என்று கிளாம்பில் ஸ்கோப்போடு காரை நகர்த்தாதீர்கள், ஒரு பள்ளத்தில் இறங்கினால் கண்ணாடி போய்விடும். குளிரிலிருந்து சூடான காருக்குள் வந்ததும் லென்ஸில் வியர்த்துக்கொள்ளும். அதனால் உள்ளே வரும் முன்பே மூடியைப் போட்டு, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, உள்ளே வந்தபின் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். டிரைபாட்டை மடிக்கும் முன் ஹெட்டின் பூட்டுகளை லேசாகத் தளர்த்திவையுங்கள். பிளேட் ஸ்கோப்பிலேயே இருக்கட்டும், பைக்குள் தனியாகப் போட்ட பிளேட் அடுத்த முறை வீட்டிலேயே தங்கிவிடும்.