பரீட்சை பயம்: பிள்ளைக்கு உதவுவதாக நினைத்து நாம் செய்யும் தவறுகள்

பொதுத்தேர்வு நாளில் மதியம் ஒன்றேகால் மணிக்குத் தேர்வு மையத்தின் வாசலில் நின்றால் இதைப் பார்க்கலாம். பிள்ளை கேட்டைத் தாண்டி வரும்போதே கேள்வித்தாள் அப்பாவின் கைக்குப் போய்விடும். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஒரு மதிப்பெண் வினாக்களில் ஆரம்பிப்பார். "மூணாவதுக்கு என்ன போட்ட?" பிள்ளை சொல்லும். "ஐயோ, அது 'ஆ' இல்லையா?" என்று பக்கத்தில் நிற்கும் இன்னொரு அம்மா சொல்வார். அவ்வளவுதான். மூன்று மணி நேரம் நன்றாக எழுதிவிட்டு வந்த முகம் அந்த ஒரு மதிப்பெண்ணில் செத்துப்போகும்.

தேர்வு சமயத்தில் வீட்டில் நடக்கும் தவறுகளில் முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். எழுதிக் கொடுத்த விடைத்தாளில் இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து பாடம், பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆறு. தமிழ்த் தேர்வு அன்று வாசலில் நடந்த விசாரணையின் வலி ஆங்கிலம், கணக்கு என்று அடுத்தடுத்த தேர்வுகளுக்கும் கூடவே போகும். போகப்போகப் பிள்ளை பயப்படுவது கேள்வித்தாளுக்கு அல்ல, வாசலில் காத்திருக்கும் முகத்துக்கு. "தண்ணி குடி, பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். கேள்வித்தாள் பைக்குள்ளேயே இருக்கட்டும். கடைசித் தேர்வு முடியும் வரை அதை வெளியே எடுக்க வேண்டாம் என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்துவிடலாம். பிள்ளை தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்து மதிப்பெண் கணக்குப் போடாதீர்கள்.

"பயப்படாதே" என்று சொல்வது

நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் நெஞ்சு படபடக்கிற, உள்ளங்கை வியர்க்கிற பிள்ளையிடம் பயப்படாதே என்றால், பயப்படுவதே தப்போ என்ற இரண்டாவது பயமும் சேர்ந்துகொள்ளும். கொஞ்சம் படபடப்பு உண்மையில் நல்லது. யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1908-இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து இன்றுவரை உளவியலில் பேசப்படும் விஷயம் இது: தூண்டுதல் அறவே இல்லாவிட்டாலும் வேலை நடக்காது, அளவு மீறினாலும் நடக்காது. குறிப்பாகக் கடினமான வேலை என்றால் அளவு மீறும்போது சீக்கிரம் தடுமாறும்.

"எல்லாம் மறந்துபோச்சு" என்று பிள்ளை சொல்வதும் பொய்யில்லை. ஒரு கணக்கைப் போட எண்களையும் படிகளையும் சற்று நேரம் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்கான இடம் சின்ன மேசை அளவுதான். "ஃபெயில் ஆயிட்டா என்ன ஆகும்" என்ற எண்ணம் அந்த மேசையில் பாதியை அடைத்துக்கொண்டால் கணக்குக்கு இடம் போதாது. படித்தது அழிந்துவிடவில்லை, அந்த நேரத்தில் எடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஞாபகம் வருவது அதனால்தான்.

ஆகவே பயத்தைப் பேசவிடுங்கள். "பயமா இருக்கா? இருக்கும்தான். எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். எழுதி முடிக்க நேரம் போதாது என்ற பயம் வேறு, கணக்கே புரியவில்லை என்ற பயம் வேறு, அப்பா பேசாமல் இருந்துவிடுவாரோ என்ற பயம் வேறு. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் பிள்ளையை ஒரு தாளில் எழுதச் சொல்லலாம். ரமிரஸ், பெய்லாக் என்ற இரு சிகாகோ ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்களில், பதற்றம் அதிகமாக இருந்தவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. அந்தத் தாளை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. கிழித்துப் போட்டாலும் சரிதான்.

வயிற்று வலியை நடிப்பு என்பது. அல்லது உடனே லீவு போடுவது

தேர்வு அன்று காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைக்கு வலி நிஜமாகவே இருக்கும். பதற்றம் குடலை நேரடியாகப் பாதிக்கும். வாந்தி, அடிக்கடி பாத்ரூம் போவது, தலைவலி எல்லாம் அதன் வேலைதான். நடிக்கிறாய் என்றால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் சொல்லாது.

ஆனால் பரிதாபப்பட்டு வீட்டில் இருக்கச் சொன்னால் இன்னொரு சிக்கல். பள்ளிக்குப் போகாத அந்தக் காலையில் வலி பறந்துவிடும்; போகாமல் இருந்தால்தான் தப்பிக்கலாம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்த தேர்வுக்குப் பயம் இன்னும் பெரிதாகத் திரும்பும். "வலிக்குதுன்னு தெரியுது. மெதுவா ரெண்டு இட்லி சாப்பிடு, நான் கூட வர்றேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போவதுதான் வழி. காய்ச்சல், எடை குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, லீவு நாளிலும் வலி என்றால் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"படிச்சிட்டியா?" என்ற ஒரே கேள்வி

படித்துவிட்டேன் என்றுதான் பதில் வரும். ஐந்து தடவை படித்த பாடம் கண்ணுக்குப் பழகிவிடும், பழகியதெல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும். தேர்வு அறையில் புத்தகம் இல்லாத இடத்தில்தான் விஷயம் வெளிப்படும். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். டியூஷன்களில் தினமும் ஸ்லிப் டெஸ்ட் வைப்பதில் இந்த ஒரு நன்மை இருக்கிறது. அதை ரேங்க் போட்டு அறிவிக்கும்போதுதான் கெட்டுப்போகிறது. வீட்டில் புத்தகத்தை மூடிவைத்து, தெரிந்ததை எழுதி, பிறகு திறந்து பிள்ளையே திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண் போட வேண்டாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பரீட்சை பயமும் மனசு சம்பந்தப்பட்டது அல்ல. ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாமல் நகர்ந்துவந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கணக்கைக் கண்டு நடுங்குவது நியாயமான நடுக்கம். அதற்கு ஆறுதல் உதவாது. பின்னத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். வாயால் கேட்டால் அழகாகப் பதில் சொல்லும் பிள்ளை எழுதும்போது எழுத்துகளை மாற்றிப்போட்டு, படிக்கும்போது வரி தாண்டித் திணறினால் அது டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைச் சோம்பேறித்தனம் என்று அடிக்கும் வீடுகள் இன்னும் இருப்பது மிகப்பெரிய கொடுமை. உரிய சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. தேர்வுக்குப் பல மாதம் முன்பே தலைமை ஆசிரியரைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

அன்பைக் கடனாக மாற்றுவது

"உனக்காகத்தான் நகையை அடகு வைச்சோம்", "உன்னை நம்பித்தான் இருக்கோம்." சொல்பவரின் கஷ்டம் உண்மை. கேட்கும் பிள்ளைக்கோ ஒவ்வொரு மதிப்பெண்ணும் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய தவணையாகிவிடும். "நானூத்தம்பது எடுத்தா சைக்கிள்" என்பதும் இதே வகைதான். நானூற்று நாற்பது எடுத்தால் என்ன என்று பிள்ளை இரவெல்லாம் யோசிக்கும். அண்ணன் மகனோடு, எதிர்வீட்டுப் பெண்ணோடு ஒப்பிடுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாநில முதலிடப் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் நிறுத்தலாம்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். பதின்பருவப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பன்னிரண்டு வரை உட்காரவைத்து நாலு மணிக்கு எழுப்பினால் படித்தது தங்காது. மாலையில் அரை மணி நேரம் பந்து விளையாடுவதை நிறுத்துவதும் வேண்டாம்.

தேர்வு அறை எப்படி இருக்கும் என்று சொல்லித் தராமல் அனுப்புவது

பொதுத்தேர்வில் பத்து மணிக்குக் கேள்வித்தாள் தருவார்கள். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, பத்தேகாலுக்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாத கேள்வியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஏராளம். நன்றாகத் தெரிந்த நாலு கேள்விகளை முதலில் தேடு என்று பழக்குங்கள். படபடப்பு வந்தால் பேனாவை வைத்துவிட்டு மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விட வேண்டும். நாலைந்து முறை போதும். இதைத் தேர்வு அன்று காலையில் சொல்லித் தந்தால் பலனில்லை. மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு எல்லாவற்றிலும் செய்து பழகியிருந்தால்தான் மார்ச்சில் கைகொடுக்கும்.

தோல்வியைப் பற்றி வீட்டில் பேசவே கூடாது என்று நினைப்பதும் தவறு. பேசாத வீட்டில் பிள்ளை அதை முடிவாகவே நினைத்துக்கொள்ளும். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண், அது கிடைக்காவிட்டால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு, அதில் தேறினால் அந்த ஆண்டே மேலே படிக்கலாம் என்ற விவரத்தைத் தேர்வுக்கு முன்பே, சாதாரணமாக, சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவையுங்கள்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சாகணும்னு தோணுதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று இரவு பிள்ளையைத் தனியாகப் படுக்கவைக்காதீர்கள், ரிசல்ட் வரும் நாளிலும் யாராவது ஒருவர் லீவு போட்டு வீட்டில் இருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104, குழந்தைகளுக்கான 1098. மூன்றும் இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். பிள்ளை பேச மறுத்தால் நீங்களே அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.